உயர்ந்த கட்டடங்களும் வெளிச்சமும்: பெண்கள் என்ன சொல்கிறார்கள்?

நீண்ட காலத்தின் பின்னர் கொழும்புக்கு வருகின்ற எவரும் முதலிற் கேட்பது, "இது எப்ப முளைச்சது?" என்பதாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ புகையிரதத்தில் வருபவர்களுக்கு, மருதானையைத் தாண்டி கோட்டை நிலையத்தை நெருங்கும்போதே 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரம் கண்ணிற் படும். அதையும் கடந்து கொம்பனித்தெருப் பக்கம் பார்த்தால், நிமிர்ந்து நிற்கும் ஒரு கோபுரத்தின் மீது இன்னொரு கோபுரம் சாய்ந்து நிற்பது போன்ற கட்டடம் ஒன்று தெரியும். அதன் பெயர் அல்டெயார். தாமரைக் கோபுரம் போல இது பார்வையாளருக்கானது அல்ல. மனிதர்கள் குடியிருப்பதற்காகக் கட்டப்பட்ட தொடர்மாடி. 240 மீற்றர் உயரம். நிமிர்ந்த கோபுரத்திற்கு 68 மாடிகள், சாய்ந்த கோபுரத்திற்கு 63 மாடிகள். கனடாவின் மொன்றியல் நகரில் பெட்டிகளை அடுக்கியது போன்ற ‘ஹபிராற் 67' குடியிருப்பையும், சிங்கப்பூரின் மரீனா பே சான்ட்ஸ் கட்டடத்தையும் வடிவமைத்த மொஷே சாஃப்டி என்ற கட்டடக் கலைஞரே இதனையும் வடிவமைத்தார்.

இத்தகைய கட்டடங்களைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகளில் நிறைய அபிப்பிராயங்கள் வெளிவருகின்றன. வாங்குபவர்கள் சொல்கிறார்கள், முதலீட்டாளர்கள் சொல்கிறார்கள், கட்டடக் கலைஞர்கள் சொல்கிறார்கள். அதே நகரத்தில் வீட்டுவேலை செய்கின்ற, ஆடைத் தொழிற்சாலையில் தைக்கின்ற, வைத்தியசாலையில் தரை துடைக்கின்ற பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எவரும் கேட்டதாக நான் அறியவில்லை. எனது வேலை நிமித்தம் நான் சந்திக்கும் பெண்கள் பலர் வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் யுத்தத்திற்குப் பின்னர் கொழும்புக்கு வந்தவர்கள். வேறு சிலர் கொழும்பிலேயே பிறந்து, தோட்டம் என்று சொல்லப்படும் வரிசை வீடுகளிலிருந்து மாடிகளுக்கு மாற்றப்பட்டவர்கள். இவர்களோடு கதைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன். இது ஓர் ஆய்வு அல்ல. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது நடந்த கதைகள்தாம்.

கைப்பணிப் பொருட்களை விற்பதற்காக வடக்கிலிருந்து வந்திருந்த ஒரு குழுவினரோடு ஒரு மாலை காலிமுகத்திடலில் இருந்தேன். இருட்டத் தொடங்கியதும் கட்டடங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சாய்ந்த கட்டடத்தைப் பார்த்து ஒருவர், வேலியில் ஏணி சார்த்தியது போல இருக்கிறது என்றார். இன்னொருவருக்கு அது தமக்கையின் தோளில் தலைசாய்த்து நிற்கும் தங்கையைப் போலத் தெரிந்தது. "வடிவாத்தான் கிடக்கு, ஆனா அதுக்குக் கீழ இருக்கிறவைக்குப் பயமா இருக்காதே?" என்று கேட்டார் முல்லைத்தீவிலிருந்து வந்த ஓர் அம்மா. சாய்ந்த கோபுரத்தின் பாரத்தை நிமிர்ந்த கோபுரமும் சேர்ந்து தாங்கும் விதமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டினாரே தவிர நம்பியதாகத் தெரியவில்லை.

உயர்ந்த கட்டடங்களின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்குகளைப் பற்றித்தான் அன்று நீண்ட நேரம் கதைத்தோம். அவை அலங்காரத்திற்கு அல்ல, விமானங்கள் மோதாமல் இருப்பதற்கான எச்சரிக்கை விளக்குகள் என்று சொன்னேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு கிளிநொச்சி அக்கா ஒருவர் சொன்னார்: "நாங்கள் பிளேன் சத்தம் கேட்டால் விளக்கை நூர்த்துப்போட்டு பங்கருக்குள்ள ஓடின ஆக்கள். இஞ்ச பிளேனுக்கெண்டே விளக்குக் கொழுத்தி வைச்சிருக்கினம்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று இதனை வாசிக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொழும்பும் அந்தப் பயத்தை அறியாத நகரமல்ல. 2007 ஏப்ரலில் உலகக்கிண்ண கிரிக்கெட் இறுதிப்போட்டி நடந்த இரவில், விமானத் தாக்குதல் அச்சத்தினால் நகரம் முழுவதும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு இருளில் மூழ்கியது.

வெளிச்சத்தைப் பற்றி எமது பெண்களுக்கு உள்ள அறிவு சாதாரணமானதல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாத வருடங்களில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கில் படித்துச் சோதனை எழுதியவர்கள் இன்று ஆசிரியைகளாக இருக்கிறார்கள். 2009இல் மெனிக் பாம் முகாமில் இரவில் மலசலகூடத்திற்குத் தனியே போகப் பயந்து, பக்கத்துக் கூடாரத்துப் பெண்களையும் எழுப்பிக்கொண்டு கூட்டாகப் போன அனுபவமும் உங்களில் பலருக்கு உண்டு. எந்த இடத்தில் ஒரு விளக்கு வேண்டும், எந்த இடத்தில் அது உபத்திரவம் என்பதை இவர்களிடம் கேட்டிருந்தால் எத்தனையோ வீட்டுத்திட்டங்கள் வேறு விதமாக அமைந்திருக்கும்.

அலங்கார வெளிச்சத்தைப் பற்றி அபிப்பிராயங்கள் இரண்டாகப் பிரிந்தன. நகரம் வெளிச்சமாக இருந்தால் பெண்கள் பயமில்லாமல் நடமாடலாம் என்பது ஒரு சாரார் கருத்து. மற்றவர்களுக்கு 2022ஆம் ஆண்டு இன்னமும் மறக்கவில்லை. அவ்வருடம் மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரத்தை மீதப்படுத்துவதற்காகத் தெருவிளக்குகளும் அணைக்கப்பட்டன. மாலை நேர வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி இருட்டில் நடந்து வீட்டுக்குப் போன பெண்கள் அந்த மாதங்களில் பட்ட பாட்டை எங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். அதன் பின்னர் கட்டணமும் ஏறியது. மாதம் 30 அலகுக்குட்பட்டுப் பாவிக்கும் வீடுகளுக்கு அலகொன்று 2 ரூபா 50 சதமாக இருந்தது, 2022 ஓகஸ்டில் 8 ரூபாவாகவும் 2023 பெப்ரவரியில் 30 ரூபாவாகவும் உயர்ந்தது. பிற்பாடு குறைத்தார்கள். ஆனாலும் அந்த நாட்களில் பழகிய பழக்கத்தை விடமுடியாமல், அறையை விட்டு வெளியே வந்ததும் சுவிட்சை அமத்தும் பெண்களை நான் இன்றும் பார்க்கிறேன். அப்படிப்பட்டவர்கள், கோபுரம் ஒன்று இரவு முழுவதும் நிறம் மாறி மாறி எரிவதைப் பார்த்து, "இதுக்கு ஆர் பில் கட்டுறது?" என்று கேட்பது இயல்புதானே.

வேறொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். குடியிருப்புக் கோபுரங்களில் பல யன்னல்கள் இருட்டாகவே இருந்தன. வீட்டுவேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி, சில உடைமையாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வருடத்தில் சில நாட்களுக்கு வந்து போவார்கள், தான் கிழமைக்கு ஒருமுறை போய்த் தூசு தட்டுவதாகச் சொன்னாள். இது கொழும்புக்கு மட்டும் உரிய விடயமல்ல. நியூயோர்க் நகரில் 2015இல் கட்டி முடிக்கப்பட்ட ‘432 பார்க் அவெனியூ' என்ற குடியிருப்புக் கோபுரம் சுமார் 425 மீற்றர் உயரமானது. மெலிந்து நெடுத்த சதுரத் தூண். அதனை வடிவமைத்த ரஃபேல் வின்யோலி, ஒரு குப்பைக்கூடையின் வடிவமே தமக்குத் தூண்டுதலாக இருந்தது என்று கூறியதால் நகரவாசிகளின் கேலிக்கும் ஆளானார். அவ்வரிசையில் எழுந்த நெட்டைக் கோபுரங்களின் நிழல் பொதுமக்களின் பூங்காவில் விழுகின்றது என்று மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பணக்காரர் சிலரின் யன்னலுக்காகப் பலருடைய வெயில் பறிபோகிறது என்பதே அவர்களது வாதம். விசித்திரம் என்னவென்றால், பின்னர் அதற்குள் குடியிருந்தவர்களும் தண்ணீர்க் கசிவு, காற்றடிக்கும்போது கிறீச்சிடும் சத்தம், லிப்ட் பழுது என்று முறையிட்டு 2021இல் வழக்குப் போட்டார்கள். பல கோடி டொலர் கொடுத்தவர்களுக்கும் லிப்ட் பழுதுதான்!

இனி, எமது பெண்கள் உண்மையில் வாழும் மாடிகளுக்கு வருவோம்.

கொழும்பில் வசதி குறைந்த குடியிருப்புகளில் இருந்தவர்களை மாடிகளுக்கு மாற்றும் முயற்சி புதியதல்ல. 2001இல் பொரளையில் 671 வீடுகளோடு ‘சஹஸ்புர' தொடர்மாடி கட்டப்பட்டது. 2010இன் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டு, நகரப் புத்துயிரளிப்புத் திட்டம் என்ற பெயரில் இது பெருமெடுப்பில் நடந்தது. 68,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் இடம்மாற்றப்பட வேண்டியவை எனக் கணக்கிட்டார்கள். தெமட்டகொடை, வனாத்தமுல்லை, மட்டக்குளி முதலிய இடங்களில் 12, 14 மாடிக் கட்டடங்கள் எழுந்தன. வீடொன்று சுமார் 400 சதுர அடி. பலரிடம் மொத்தம் 10 இலட்சம் ரூபாவை வருடக்கணக்கிற் கட்டி முடிக்கும்படி சொல்லப்பட்டது. கொம்பனித்தெருவில் 2010 மே மாதத்தில் மியூஸ் வீதி வீடுகள் இராணுவப் பிரசன்னத்துடன் இடிக்கப்பட்டதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இன்று அல்டெயார் நிற்கும் அதே கொம்பனித்தெருதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இம்மாடிகளைப் பற்றி நல்லதாகவே சொல்வார்கள். சேரி போய்விட்டது, நகரம் அழகாகிவிட்டது என்பார்கள். உள்ளே இருப்பவர்களிலும் எல்லோரும் குறை சொல்லவில்லை. சொந்த மலசலகூடம், சொந்தக் குழாய், மழைக்கு ஒழுகாத கூரை ஆகியவற்றைப் பெரிய விடயமாக மதிக்கும் தாய்மார் இருக்கிறார்கள். வெள்ளம் வரும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஓடியவர்களுக்கு மாடி வீடு ஒரு நிம்மதி. இதனை ஒளிக்காமல் எழுதவேண்டும். மாடி என்றாலே கூடாது என்று பேசுகின்ற எமது நண்பர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை.

வடகொழும்பில் நான் மாதாமாதம் போகும் ஒரு தொடர்மாடியின் அமைப்பைச் சொல்கிறேன். நடுவிலே நீண்ட நடைவழி. அதன் இரு பக்கமும் வீடுகள், கதவுக்கு எதிரே கதவு. யன்னல்கள் எல்லாம் வெளிப்புறச் சுவரில். ஆகவே நடைவழிக்குப் பகல் வெளிச்சம் வரக்கூடியது இரண்டு அந்தங்களிலிருந்து மட்டுமே. நடுப்பகுதியில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் மின்குமிழ் எரிந்தாற்தான் ஆளை அடையாளம் காணலாம். ஒரே நடைவழிக்கு இருபுறமும் வீடு வைத்தால் செலவு குறையும், குறைந்த நிலத்தில் கூடிய வீடுகளைக் கட்டலாம். வடிவமைப்பாளர் மிச்சம் பிடித்த அந்த வெளிச்சத்தை, அங்கே குடியிருப்பவர்கள் காலம் முழுவதும் மின்கட்டணமாகக் கட்டவேண்டியிருக்கிறது.

அதுவும் யார் கட்டுவது என்பதில்தான் பிரச்சினை. நடைவழி, படிக்கட்டு, லிப்ட் ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. 1973ஆம் ஆண்டின் மாடிவீட்டு ஆதனச் சட்டத்தின்படி இவற்றைப் பராமரிப்பதற்கு உடைமையாளர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று இருக்கவேண்டும். அதற்கு மேலே கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. சொகுசு மாடிகளில் மாதாந்தம் பெருந்தொகை அறவிட்டு இவற்றைச் செய்கிறார்கள். எங்களுடைய மாடியில் நாட்சம்பளக்காரர்கள்தான் கூட. நான்கு குடும்பம் கட்டாவிட்டால் ஐந்தாவது குடும்பம், நான் மட்டும் ஏன் கட்டவேண்டும் என்று நிறுத்திவிடும். முதலில் நடைவழிக் குமிழ்கள் ஒவ்வொன்றாகப் போயின. பழுதான குமிழை மாற்ற ஆளில்லை. மாற்றியவற்றில் இரண்டை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னர் படிக்கட்டு முழுவதும் இருட்டு.

இந்த இருட்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எதையெல்லாம் தொடுகிறது என்பதற்கு ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன். அவர் வாகரைப் பக்கத்தவர். 2006இன் இடப்பெயர்வில் கணவரை இழந்தவர். இரண்டு பெண்பிள்ளைகளுடன் கொழும்பிலுள்ள உறவினரிடம் வந்து, இப்போது அந்த மாடியின் பதினோராவது தட்டில் வாடகைக்கு இருக்கிறார். வைத்தியசாலை ஒன்றில் துப்புரவு வேலை. காலை வேலைக்கு விடிய நாலரைக்கு வெளிக்கிட வேண்டும். லிப்ட் ஓடினால் நல்லது. ஓடாத நாட்களில் பதினொரு தட்டும் இருட்டுப் படியால் இறங்கவேண்டும். படியின் திருப்பங்களில் இளைஞர்கள் சிலர் கூடி நின்று போதைப்பொருள் பாவிப்பதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள். "சத்தம் வந்தாப் பயமில்ல மிஸ். சத்தமில்லாம நிக்கிற ஆக்களுக்குத்தான் பயம்" என்றார் அவர். கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, பெரிதாக இருமிக்கொண்டு இறங்குவாராம். மூத்த மகள் உயர்தர வகுப்புக்குப் பின்னேர ரியூஷனுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "படிப்பு வேணும்தான், அதுக்காகப் பிள்ளைய அந்தப் படியால ஏத்தேலுமா?" என்கிறார். கூடுதல் சம்பளம் கிடைக்கும் இரவு வேலையையும் அவர் ஏற்கவில்லை. ஒரு படிக்கட்டில் ஆறு குமிழ் எரியாததால் ஒரு குடும்பத்தின் வருமானமும் ஒரு பிள்ளையின் சோதனையும் பாதிக்கப்படுகின்றன.

மாடிவீட்டின் வடிவம் வேறு விதமாகவும் பெண்களைக் கட்டிப்போடுகிறது. தோட்டத்து வீட்டில் வாசலில் இருந்து இடியப்பம் விற்றவர், பதினோராவது தட்டில் யாருக்கு விற்பார்? முன்பு குசினியில் இருந்தபடியே பிள்ளை விளையாடுவதைப் பார்க்கலாம். இப்போது பிள்ளை கீழே, தாய் மேலே. நாங்கள் சமூகவியல் படிக்கும்போது, தெருவின் மீது அயலவரின் கண்கள் இருப்பதே பாதுகாப்பு என்று அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய நூலைப் பற்றிப் படிப்பித்தார்கள். அன்று சோதனைக்காகப் பாடமாக்கினேன். அந்த நடைவழியில் நின்று பார்த்தபோது, எல்லாக் கதவுகளும் பூட்டியிருக்க, எந்தக் கண்ணும் எதன் மீதும் இல்லை என்பது தெரிந்தது.

வெளிச்சம் போட்டால் மட்டும் குற்றம் குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியூயோர்க்கின் பொதுவீட்டுத் தொடர்மாடிகளில் 2016இல் இதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். சில குடியிருப்புகளின் வெளிப்புறங்களில் கூடுதலான விளக்குகள் வைக்கப்பட்டன, அவற்றையொத்த வேறு குடியிருப்புகளில் வைக்கப்படவில்லை. விளக்கு வைத்த இடங்களில் இரவில் வெளியே நடந்த பாரதூரமான குற்றங்கள் 36 சதவீதத்தால் குறைந்தன. இதை எங்கள் கூட்டத்தில் சொன்னபோது, வன்னியைச் சேர்ந்த ஒரு தங்கச்சி இடைமறித்தாள். "எந்த லைற் எண்டு பாக்கோணும் மிஸ். எங்கட ஊரில சென்றியிலயும் லைற் இருந்தது. அது எங்களைப் பாக்கிறதுக்கு. நாங்கள் பாக்கிறதுக்கு இல்லை." முகத்தில் நேரே அடிக்கும் பெரிய விளக்கினால் நடப்பவரின் கண் கூசும், அதன் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். விளக்கு கீழ்நோக்கி இருக்கவேண்டும், ஒரே இடத்தில் பெரிதாக ஒன்று என்றில்லாமல் சிறியவை பலவாக இருக்கவேண்டும் என்று விளக்கமைப்பு நிபுணர்கள் சொல்வதும் இதைத்தான்.

பார்ப்பவரின் அபிப்பிராயத்திற்கும் இருப்பவரின் அபிப்பிராயத்திற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு கொடூரமாக முடியலாம் என்பதற்கு லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் உதாரணம். 1974இல் கட்டி முடிக்கப்பட்ட, 24 மாடிகளைக் கொண்ட அந்தப் பொதுவீட்டுக் கட்டடத்தில் தொழிலாளரும் குடியேறிகளும் நிறைய இருந்தார்கள். அதைச் சுற்றிலும் வசதி படைத்தவர்களின் பகுதிகள். கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது வெளிச்சுவருக்குப் புதிய உறை போட்டார்கள். குளிரைத் தடுப்பது ஒரு நோக்கம். சுற்றுப்புறத்திலிருந்து பார்க்கும்போது கட்டடத்தின் தோற்றம் மேம்படும் என்பதும் உள்ளூராட்சி மன்றத்தின் திட்ட அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது. வேலைகள் 2016இல் முடிந்தன. தீப்பாதுகாப்புப் பற்றிக் குடியிருப்பாளர்கள் அதற்கு முன்னரும் பின்னரும் எச்சரித்தார்கள். எவரும் செவிமடுக்கவில்லை. 2017 ஜூன் 14ஆம் திகதி நான்காம் மாடி வீடொன்றின் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிய தீ, அந்த உறை வழியாக உச்சி வரை ஏறியது. இறங்குவதற்கு ஒரேயொரு படிக்கட்டு. 72 பேர் இறந்தார்கள். அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக்கூடியவை என்று 2024 செப்டெம்பரில் விசாரணைக் குழுத் தலைவர் கூறினார்.

மாடிவீடு எங்கள் ஊருக்கு வராது, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று சில வாசகிகள் நினைக்கலாம். 2016ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். வடக்குக் கிழக்கிற்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. பன்னாட்டு உருக்குக் கம்பனியான ஆர்சலர் மிட்டல் அவற்றை அமைப்பதாக இருந்தது. வீடொன்றுக்கு முதலில் சொல்லப்பட்ட விலை சுமார் 21 இலட்சம் ரூபா. அதே காலத்தில் 8 இலட்சம் ரூபாவுக்குக் கல்வீடு கட்டிக்கொடுக்கும் திட்டமும் நடந்துகொண்டிருந்தது. மாதிரி வீடுகளைப் பார்க்கப் போனவர்களுக்குத் தளபாடங்களும் காட்டப்பட்டன. ஆனால் வெயிலுக்கு இந்தச் சுவர் தாங்குமா, விறகடுப்பை எங்கே வைப்பது, புகை எதால் போவது, நாளைக்கு மகளுக்கு ஓர் அறை கூட்டிக் கட்டலாமா என்ற கேள்விகள் எழுந்தன. பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் அவற்றை உரத்துச் சொன்னார்கள். இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாவை வாங்கி, தாங்களே மேசனைப் பிடித்து, மணலுக்கு அலைந்து கட்டிய பெண்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. கடன்பட்டவர்களும் உண்டு. ஆனால் யன்னல் எங்கே வரவேண்டும் என்று அவர்கள் சொல்ல முடிந்தது.

எனவே வீட்டுத்திட்டம் பற்றிய கூட்டத்திற்கு அழைத்தால், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். மலசலகூடத்திற்குப் போகும் வழியில் விளக்கு உண்டா? அதன் சுவிட்ச் வீட்டுக்குள்ளேயா வெளியேயா? கதவைத் திறக்க முன்னர் வெளியே நிற்பவரைப் பார்க்கக்கூடியதாக யன்னல் இருக்கிறதா? பொது விளக்கின் கட்டணம் யாருடைய பெயரில் வரும்? இவற்றைக் கேட்பதற்கு ஆங்கிலமோ படிப்போ தேவையில்லை. ஆனால் இவற்றைக் கேட்டால், பெண்கள் சின்ன விடயங்களைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்று சொல்லும் அதிகாரிகளும் இருக்கிறார்கள் என்பதை அனுபவத்தில் அறிவேன். பொருட்படுத்த வேண்டாம்.

பதினோராவது தட்டுப் பெண்கள் பொருட்படுத்தவில்லை. நடைவழியில் 12 வீடுகள். முதலில், ஐந்து குமிழ்களைப் பூட்டி ஒரு வீட்டின் மீற்றரில் இணைத்து, மற்றவர்கள் அந்த வீட்டுக்குக் காசு கொடுப்பது என்று யோசித்தார்கள். கணக்குப் பார்த்தோம். 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் ஒன்று இரவில் 12 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 3.24 அலகு. ஐந்து குமிழுக்கு 16.2 அலகு. அலகொன்று 30 ரூபா என்று வைத்தாலும் 486 ரூபா. பங்கிட்டால் வீட்டுக்கு 40 ரூபா 50 சதம். எல்லோரும் சரி என்றார்கள். அப்போது, பாடசாலையைப் பத்தாம் வகுப்பில் விட்ட ஒரு பெண் எழும்பி, 16 அலகு கூடினால் அந்த வீடு அடுத்த கட்டணப் படிக்கு ஏறிவிடும், பிறகு அவர்களுடைய முழுப் பில்லும் அல்லவா கூடும் என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. கடைசியில் அவளுடைய யோசனையையே எடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசல் நிலையிலும் அவரவர் மீற்றரிலிருந்து ஒரு குமிழ். ஒற்றைத் திகதிகளில் ஒற்றை இலக்க வீடுகள், இரட்டைத் திகதிகளில் இரட்டை இலக்க வீடுகள். இரவுக்கு ஆறு குமிழ் எரியும், வீட்டுக்கு மாதம் ஒன்றரை அலகுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். எந்த வீடு போடவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். பத்தாம் தட்டுக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

படிக்கட்டு அப்படித் தீரக்கூடியதல்ல. அது எந்த வீட்டு வாசலுமல்ல. முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திற்குக் கடிதம் எழுதி 74 பெண்கள் கையொப்பமிட்டார்கள். பிரதி ஒன்று அதிகாரசபைக்கும் போனது. வந்து அளந்துகொண்டு போனார்கள். ஆள் வரும்போது தானாக எரியும் விளக்குப் பூட்டலாம், செலவு குறையும் என்றார்கள். வாகரை அம்மா அதை ஏற்கவில்லை. ஆள் அசையாமல் நின்றால் அந்த விளக்கு நூர்ந்துவிடும், அசையாமல் நிற்கிறவர்களுக்குத்தானே பயம் என்றார். விடிய நாலு மணி தொடக்கம் ஆறு மணி வரையும், மாலை ஆறு தொடக்கம் பதினொன்று வரையும் தொடர்ந்து எரியவேண்டும், மற்ற நேரம் வேண்டுமானால் தானாக எரியட்டும் என்று திருத்தி மறுபடியும் எழுதினார்கள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சென்ற மாதக் கூட்டம் முழுவதும் குமிழின் நிறத்தைப் பற்றியதாக இருந்தது. கதவுக்கு மேலுள்ள காற்றுத்துவாரத்தால் வெள்ளை வெளிச்சம் உள்ளே வந்து கைக்குழந்தை நித்திரை கொள்வதில்லை, மஞ்சள்தான் வேண்டும் என்றார் மூன்றாம் இலக்க வீட்டு இளந்தாய். மஞ்சளில் முகம் தெரியாது, வெள்ளைதான் வேண்டும் என்றார் எதிர்வீட்டு ஆச்சி. ஒரு மணித்தியாலம் வாதாடி, நடைவழிக்கு மஞ்சள், படிக்கட்டுக்கு வெள்ளை என்று முடிவெடுத்துக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.